எண்ணாயிரத்தில் இருந்தது பல்கலைக்கழகமா?

விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டி வட்டாரத்தில் இருக்கிறது எண்ணாயிரம். முன்பு அது தென்னாற்காடு மாவட்டத்து ஊர். இந்த நடுநாட்டின் பெருமையைப் பேச எழுபவர்கள், ‘ஆக்ஸ்போர்டுக்கு முன்பே எங்கள் எண்ணாயிரத்தில் பல்கலைக்கழகம் இருந்தது’ என்று சொல்லாமல் உட்காருவதில்லை. காலக்கணக்கில் பெரிய பிழையில்லை. பிழை பெயரில்தான் இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் எண்ணாயிரத்தின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே நடந்ததைக் கணக்குப்பிள்ளையின் கறாரோடு சொல்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இளைய மாணவர்களான 270 பேரில் ரிக் வேதம் ஓதியவர்கள் 75, யஜுர் வேதம் ஓதியவர்கள் 75, ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கணம் படித்தவர்கள் 40. மீதிப் பேர் பிற வேதப் பிரிவுகளில். மூத்தவர்கள் 70 பேர் வியாகரணமும் பிரபாகர மீமாம்சையும் வேதாந்தமும் கற்றார்கள். இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தவருக்குக் குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. படிப்பு ஏற ஏறப் படியும் ஏறியது. இதற்கெல்லாம் 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. பொறுப்பேற்றது ராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்று அப்போது பெயர்பெற்றிருந்த அந்த ஊரின் மகாசபை.

இனி ‘யுனிவர்சிட்டி’க்கு வருவோம். எல்லா அறிவும் ஓரிடத்தில் திரண்டிருப்பதால் அந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் மூலமான லத்தீன் ‘யுனிவர்சிட்டாஸ்’ இடைக்காலச் சட்ட வழக்கில் ஓர் ஆளைப் போல உரிமையும் கடமையும் பெற்ற கூட்டத்தைக் குறித்தது. வணிகர் குழுவுக்கும் கைவினைஞர் குழுவுக்கும்கூட அதே சொல்தான். போலோக்னாவில் வெளியூர் மாணவர்கள் அப்படிக் கூட்டம் சேர்ந்து ஆசிரியர்களுக்கு நிபந்தனை போட்டார்கள், அபராதமும் விதித்தார்கள். பாரிஸில் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். 1229இல் நகரத்தாரோடு மோதல் முற்றியதும் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போனார்கள். 1231இல் போப் ஆணை பிறப்பித்து அவர்களது உரிமைகளை உறுதிசெய்தார். எண்ணாயிரத்துக் கல்வெட்டில் மாணவர்கள் கூட்டமாக எதையும் முடிவுசெய்வதில்லை. ஆசிரியர்களும் தமக்குள் ஆள்சேர்த்துப் பட்டம் வழங்குவதில்லை. அவர்கள் பெறுகிறவர்கள். கொடுக்கிறதும் வகுக்கிறதும் சபை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்ததே தவிர வகுப்பு நடத்தவில்லை. வகுப்பே இல்லாததற்கு அந்தப் பெயர் பொருந்தும்போது, 14 ஆசிரியர்கள் தினமும் பாடம் சொன்ன இடத்துக்குப் பொருந்தாதா? வலுவான கேள்விதான். ஆனால் அது என் பக்கமே பேசுகிறது. சென்னைக்குச் சட்டத்தால் அமைந்த தனி உருவும் பட்டமளிக்கும் அதிகாரமும் இருந்தன, அந்தப் பெயருக்கு அவையே போதும். பழைய இந்தியாவில் இந்தப் பொருளுக்கு நெருங்கி வருவது நாளந்தா. அங்கே கிடைத்த முத்திரைகளில் பல, மகாவிகாரையின் துறவியர் சங்கத்தின் பெயரால் பொறிக்கப்பட்டவை.

எண்ணாயிரத்துக்கு உரிய ஜோடி வேறு. 1264இல் வால்டர் டி மெர்ட்டன், ஆக்ஸ்போர்டில் படிப்போரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் நிலங்களை எழுதிவைத்தார். மெர்ட்டன் ‘காலேஜ்’ அப்படிப் பிறந்தது. நில வருமானத்தில் படிப்பவனுக்குச் சோறு என்ற அதே ஏற்பாட்டை நடுநாட்டில் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே காண்கிறோம். ஆகவே கல்லூரி என்று சொல்வதே நேர்மை. வேதம் ஓத எல்லோரையும் சேர்க்கவில்லையே என்பார்கள். உண்மை, அது பிராமணர்களுக்கான படிப்பு. ஆனால் மெர்ட்டனும் ஊர்ப் பொதுவுக்குத் திறந்ததல்ல, நிறுவனரின் உறவினருக்கு அங்கே முன்னுரிமை இருந்தது. பெரிய வேறுபாடு உடைமையில் இருக்கிறது. மெர்ட்டனின் நிலம் அதன் உறுப்பினர்களின் கூட்டுச் சொத்து, அவர்களே அதை ஆண்டார்கள். அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. எண்ணாயிரத்தின் 45 வேலியோ சபையின் பொறுப்பில் இருந்தது. சபை தளர்ந்தபோது அந்த நிலத்துக்காக வழக்காட மாணவர், ஆசிரியர் பெயரில் ஒரு கூட்டமைப்பு இல்லை.