களமிறங்கும் முன் கை பழக வேண்டும்: நடராஜன் காத்திருந்த ஆண்டுகளில் நடந்தது என்ன?

உங்களுக்கு வயது 15 என்று வைத்துக்கொள்வோம். கோலா கெத்தில் வட்டாரத்தில் உங்களைவிட வேகமாகப் பந்து வீச ஆளே இல்லை என்று கூட்டாளிகள் எல்லாரும் சொல்றாங்க. அணித் தேர்வுக்குப் போகிறீர்கள். பயிற்றுநர் ஆறு பந்து பார்க்கிறார். பிறகு தோளில் கை போட்டுச் சொல்கிறார்: "வேகம் இருக்கு தம்பி. ஆனா இந்த வருஷம் ஆட வேணாம். முதல்ல ஆக்‌ஷனைச் சரி பண்ணுவோம்."

கோபம் வரத்தான் செய்யும். நன்றாக ஆடுகிறவனை ஏன் உட்கார வைக்க வேண்டும்? ஒரு வருஷம் போனால் வேறு ஒருவன் அந்த இடத்துக்கு வந்துவிட மாட்டானா?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் தமிழ்நாட்டில், சேலம் மாவட்டத்தில் சின்னப்பம்பட்டி என்ற ஊரில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் தங்கராசு நடராஜன்.

டென்னிஸ் பந்தில் வளர்ந்த கை

அப்பாவுக்குத் தறி வேலை. அம்மா சாலையோரத்தில் கடை நடத்தினார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். நம் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 20 வயதை நெருங்கும் வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட் மட்டுமே. ஊர்க்காரரும் வழிகாட்டியுமான ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றிக்காகவே நடராஜனின் ஐபிஎல் சட்டையில் ஜே.பி. நட்டு என்ற பெயர் வந்தது.

டென்னிஸ் பந்து பற்றி ஒரு விஷயம் கவனிக்கணும். அதன் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. லேசான பந்தை வெறும் கையின் சுழற்சியிலேயே விர்ரென்று வீசிவிடலாம். கனமான பந்துக்கு அது போதாது. கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் வரிசையாக வேலை செய்ய வேண்டும். உடம்பு உதவாத இடத்தில் கை ஈடுகட்டப் பார்க்கும். முழங்கை மடங்கி நிமிர்வது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

சென்னையில் நான்காம் டிவிஷனில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் போன்ற முதல் டிவிஷன் அணிக்கு வந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார் நடராஜன். கொல்கத்தாவில் வங்காள அணிக்கு எதிரான ஆட்டம் அது. அங்கேயே அவர் பந்துவீச்சு சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். பல வருஷ உழைப்பு ஒரே ஆட்டத்தில் நின்றுபோனது.

15 டிகிரி என்பது எவ்வளவு?

பந்து வீசும்போது மேல்கை தோள் உயரத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் நொடி வரை முழங்கை எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 2005 முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளருக்கும் அந்த எல்லை 15 டிகிரி. அதற்கு முன்பு வேகப்பந்துக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று தனித்தனிக் கணக்கு இருந்தது. கேமராக்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தபோது, 'சுத்தமான' ஆக்‌ஷன் என்று ஊரே புகழ்ந்தவர்களுக்கும் முழங்கை கொஞ்சம் நிமிர்வது தெரிய வந்தது. வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது.

கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டியின் முத்தையா முரளிதரனே சாட்சி. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருக்கு. 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் 'எறிகிறார்' என்று நோபால் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பப் பரிசோதனைக்குப் போய் வந்த அவர் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடுதான் ஓய்வு பெற்றார். இப்போது சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ளது போன்ற ஐசிசி அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடங்கள் இருப்பதால் சண்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆட்டத்தில் திருத்த முடியாதா?

நடராஜன் ஏறக்குறைய ஒரு வருஷம் செலவழித்தார். சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா ஆகிய மூன்று பயிற்சியாளர்கள் அவருடைய ஆக்‌ஷனைத் திருத்தி அமைக்க உதவினார்கள். மூவருமே தங்கள் காலத்தில் சுழற்பந்து வீசியவர்கள் என்பது ஒரு சுவாரஸ்யம்.

ஏன் அதை ஆட்டத்தின் நடுவில் செய்ய முடியாது? பழகிய அசைவு மூளையில் தடம் போட்டு உட்கார்ந்திருக்கும். புது அசைவு பக்கத்தில் வெட்டிய புதுப் பாதை மாதிரி. அவசரம் வந்தால் கால் தானாகப் பழைய தடத்துக்குத்தான் போகும். கடைசி ஓவர், எதிரே அடித்து ஆடும் ஆள், கூட்டம் கத்துது. அந்த நேரத்தில் யார் முழங்கையைப் பற்றி யோசிப்பார்கள்? ஆகவே புதுப் பாதை நன்றாக மிதிபடும் வரை அழுத்தம் இல்லாத இடத்தில் பழக வேண்டும்.

பொதுவாக இந்தப் பயிற்சி பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கும். முதலில் ஓட்டமே கிடையாது. நின்ற இடத்தில் வீசுவது. பேட்ஸ்மேன் இருக்க மாட்டார், ஸ்டம்ப் கூடச் சில நாள் இருக்காது, ஏனென்றால் இலக்கைப் பார்த்ததும் உடம்பு பழைய வேகத்தைத் தேடும். அப்புறம் நடந்து வந்து வீசுவது, பிறகு நாலைந்து அடி ஓடி வந்து வீசுவது. முழு ஓட்டம் கடைசியில்தான் வரும். நடுவில் வேகம் குறையும், பந்து கண்ட இடத்துக்குப் போகும். பல பேர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

திருத்திய கையோடு நடராஜன் 2016-இல் முதல் டிஎன்பிஎல் தொடரில் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். ஒரு சூப்பர் ஓவரில் அவர் அடுக்கடுக்காக இறக்கிய யார்க்கர்கள் பேச்சாயின. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை 3 கோடி ரூபாயாக ஏறியது.

இத்தோடு கதை முடிந்தால் சினிமா. முடியவில்லை. பஞ்சாப் அணிக்கு 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம் கூடக் கிடைக்கவில்லை. வலைப்பயிற்சிதான் அவருக்கு ஆட்டம். அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே முரளிதரன்!

2020-இல் வாய்ப்பு வந்தது. 16 ஆட்டம், 16 விக்கெட், அதில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த ஒரு யார்க்கர். வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2-ஆம் தேதி ஒருநாள் ஆட்டத்திலும், 4-ஆம் தேதி டி20-யிலும், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேன் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத காபா மைதானத்தில் இந்தியா அந்த டெஸ்டை வென்றது.

அமெரிக்காவில் இதே கதை

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அங்கே இளம் ஆட்டக்காரரை உடனே இறக்குவதா, உட்கார வைத்துப் பழக்குவதா என்பது ஆண்டுதோறும் நடக்கும் பட்டிமன்றம். ஆரன் ரோட்ஜர்ஸ் 2005-இல் கிரீன் பே அணிக்கு வந்தார். கல்லூரியில் பந்தைக் காதோரம் தூக்கிப் பிடித்து எறியப் பழகியிருந்தார். மூத்தவர் பிரெட் ஃபாவ்ரேவுக்குப் பின்னால் மூன்று சீசன் காத்திருந்த காலத்தில் அந்தப் பிடி மாறியது. 2008-இல்தான் முதன்மை ஆட்டக்காரர் ஆனார். பேட்ரிக் மஹோம்ஸும் 2017 முழுக்க, கடைசி வார ஆட்டம் ஒன்றைத் தவிர, வெளியில்தான் இருந்தார்.

காத்திருந்தவர்கள் எல்லாரும் ஜெயித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்திருப்பது யாரையும் வளர்க்காது. அந்த நாட்களில் என்ன திருத்தப்படுகிறது என்பதுதான் விஷயம்.

முதுகெலும்பின் கணக்கு

இதுவரை சொன்னது விதிமுறைப் பிரச்சினை. அதைவிடப் பெரியது உடம்புப் பிரச்சினை.

வேகமாக ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உங்கள் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் இறங்கும். அது இடுப்பு வழியாக முதுகுக்கு ஏறும். இடுப்பு பக்கவாட்டில் திரும்பியிருக்க, தோள் நேராகத் திறந்திருந்தால், நடுவில் இருக்கும் முதுகுத்தண்டு ஈரத்துணியைப் பிழிவது போல் முறுகும். வளரும் வயதில் எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை முறுகினால் கீழ்முதுகு எலும்பில் மயிரிழை விரிசல் விழும்.

டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் அதுதான் நடந்தது. மாதக்கணக்கில் ஓய்வெடுத்து, ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு 1974-75-இல் திரும்பி வந்தார். அந்த லில்லியைத்தான் 1987-இல் சென்னைக்கு அழைத்து எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். வலியை அனுபவித்தவரே வாத்தியார் ஆனார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் முதல் ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத் வரை அங்கே பழகியவர்கள். வேகப்பந்து வீசணும் என்று போன சச்சின் டெண்டுல்கரை, 'போய் பேட்டிங்கைப் பாரு' என்று அனுப்பி வைத்ததும் அங்கேதான்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுக்கேற்ற வரம்பே வைத்திருக்கிறது. 13 வயது வரை ஒரு தொடர்ச்சியில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். 14, 15 வயதில் 6, 12. தம்பி நல்லா போடுறான் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஆளை வீச வைக்கும் நம்ம ஊர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

வித்தியாசமாக இருந்தால் தப்பா?

இல்லை. லசித் மலிங்கா பக்கவாட்டில் கையைச் சுழற்றி வீசியதைக் காலியில் பார்த்த சம்பக்க ராமநாயக்க, அதை மாற்றாமல் விட்டார். ஜஸ்பிரித் பும்ராவின் நீட்டிய கையையும் யாரும் பாடப்புத்தகப்படி திருத்தவில்லை. ஆனால் 2023-இல் அவர் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும் மறக்க முடியாது. என் கருத்தில், நல்ல பயிற்றுநர் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: இது விதியை மீறுதா? உடம்பை உடைக்குமா? பந்து நினைத்த இடத்துக்குப் போகாமல் தடுக்குதா? மூன்றுக்கும் இல்லை என்றால், அழகாக இல்லை என்பதற்காக மட்டும் கை வைக்கக் கூடாது.

நம்ம ஊர் 'தெக்கோங்'

கெடாவில் கிரிக்கெட் பிட்ச் தேடி அலையணும். செப்பாக் தக்ராவ் கோர்ட் அப்படியில்லை; சுங்கை பட்டாணி, பாலிங், கூலிம் எங்கே போனாலும் கண்ணில் படும். அதில் சர்வீஸ் உதைக்கும் தெக்கோங்தான் குவார்ட்டர்பேக் மாதிரி. ஆட்டம் அவர் காலில் தொடங்குகிறது.

ஒரு காலை 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஊன்றி, தோழர் தூக்கிப்போடும் பந்தை மறுகாலால் தலை உயரத்தில் அடித்து, 1.52 மீட்டர் வலையைத் தாண்டிக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். ஊன்றிய கால் வட்டக்கோட்டை மிதித்தாலோ தரையை விட்டு எழும்பினாலோ தப்பு. ஆண்கள் ஆட்டத்தில் பந்து 170 முதல் 180 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கனம்.

இடுப்பு போதுமான அளவு திறக்காத பையன் என்ன செய்வான்? முதுகை அதிகமாகச் சாய்த்து, தொடை இடுக்குத் தசையை இழுத்து உயரத்தை எட்டுவான். பள்ளிப் போட்டியில் அது பாயிண்ட் தரும், சில காலம் கழித்துத் தசைக்கிழிசல் தரும். நடராஜனின் முழங்கை செய்த அதே ஈடுகட்டும் வேலையை இங்கே இடுப்பும் முதுகும் செய்கின்றன. திருத்தும் முறையும் அதேதான். முதலில் பந்தில்லாமல் கால் வீச்சு. பிறகு கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பந்து. அதன் உயரத்தை வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். தூக்கிப்போடும் பந்து அப்புறம்தான்.

ஆய்வுக்கூடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கைப்பேசியின் ஸ்லோமோஷன் போதும், ஆனால் இரண்டு கோணம் வேண்டும்: பந்து வீசுவதென்றால் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தெக்கோங்குக்கு முன்னாலிருந்தும் எடுங்கள், ஊன்றிய காலின் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று தெரியும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே உயரத்தில் கேமராவை வைத்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும். கைப்பேசிப் படத்தை வைத்து டிகிரி கணக்குப் போட்டு யாரையும் 'எறிகிறான்' என்று முத்திரை குத்தாதீர்கள். அதற்கு அந்தத் துல்லியம் கிடையாது.

கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது, இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு ஆட்டத்துக்குப் போகாதீர்கள். பயிற்றுநரிடமும் வீட்டிலும் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். தொடக்க நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் வேகப்பந்து வீசுகிறவர் அல்லது தெக்கோங் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.