பிபாப் சட்டம் (நெதர்லாந்து)

பிபாப் சட்டம் என்பது, மதுக்கூடம், பாலியல் தொழில் விடுதி, கட்டுமானம் முதலியவற்றுக்கு உரிமம் கோருவோரின் பின்புலத்தை ஆராய்ந்து, அரசு தன்னை அறியாமலே குற்றவாளிகளுக்குத் துணைபோவதைத் தடுக்க, நெதர்லாந்தின் நகராட்சிகளுக்கும் பிற அரசு அமைப்புகளுக்கும் அதிகாரமளிக்கும் சட்டமாகும். குற்றக் கும்பல்களின் பணம் ஆம்ஸ்டர்டாமின் சட்டபூர்வத் தொழில்களில் புகுந்திருப்பதை, மார்டன் வான் டிரா தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு 1996இல் வெளிக்கொணர்ந்தது. அதன் தொடர்ச்சியாக உருவான இச்சட்டம் 2003 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

விண்ணப்பதாரர், தொழிலின் உரிமையாளர் யார், முதலீடு எங்கிருந்து வந்தது, கடன் கொடுத்தவர் யார் என்பனவற்றை வினாப்படிவத்தில் ஆவணங்களுடன் விளக்க வேண்டும். நகராட்சி முதலில் தானே விசாரிக்கிறது. ஐயம் நீடித்தால், காவல்துறை, வரித்துறை முதலியவற்றின் பதிவுகளைப் பார்க்கும் அதிகாரமுள்ள தேசிய பிபாப் பணியகத்திடம் கருத்துரை கேட்கிறது. குற்ற வருவாயைப் பயன்படுத்தவோ, குற்றம் புரியவோ உரிமம் கருவியாகும் கடும் அபாயம் இருப்பின், அதை மறுக்கவோ, வழங்கியதைத் திரும்பப் பெறவோ இயலும். அபாயம் குறைவெனில் நிபந்தனைகள் விதிக்கப்படும். பணியகத்தின் கருத்துரை கட்டாயப்படுத்துவதன்று; இறுதி முடிவு உரிமம் வழங்கும் அமைப்பினுடையதே.

குற்றத் தீர்ப்பு இல்லாமலே, கூட்டாளிகள், நிதியளிப்போர் ஆகியோரின் செயல்களையும் கணக்கில் கொள்வதால், தனியுரிமை சார்ந்த விமர்சனத்துக்கு இச்சட்டம் உள்ளாகியுள்ளது. எனினும் பாதிக்கப்பட்டவர் நிர்வாக நீதிமன்றத்தில் முறையிடலாம். 2013ஆம் ஆண்டுத் திருத்தம், அரசு அமைப்புகள் ஈடுபடும் நிலம், கட்டடப் பரிவர்த்தனைகளையும் இதன் வரம்புக்குள் கொண்டுவந்தது.