டெண்டுல்கரின் நீதிமன்றங்கள்

மராட்டிய நாடகத்தின் வரலாற்றைக் கூறுவோர் 1843ஆம் ஆண்டில் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே மேடையேற்றிய 'சீதா சுயம்வரம்' நாடகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1907இல் காதில்கர் எழுதிய 'கீசகவதம்' என்னும் நாடகத்தில் கீசகனைக் கண்ட மக்கள், அவனைக் கர்சன் பிரபுவாகவே கண்டனர். 1910இல் ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. அந்நிய ஆட்சியாளனை மேடையில் வதைத்தபோது அவையினர் ஆரவாரித்ததில் வியப்பில்லை. ஆயின், அதே அவையினர் கீசகனின் இடத்தில் தம்மையே காண நேர்ந்தால் என்ன செய்வர்? சுதந்திரத்துக்குப் பிந்திய மராட்டிய அரங்கில் இவ்வினாவை எழுப்பியவர் விஜய் டெண்டுல்கர் (1928–2008). அவருக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் தணிக்கைச் சபையின் வழியாகவும் நீதிமன்றத்தின் வழியாகவுமே வந்தது.

டெண்டுல்கர் எழுதுவினைஞர் ஒருவரின் மகன். தந்தையார் சிறிய அளவில் நூல் வெளியீட்டிலும் ஈடுபட்டிருந்தமையால், வசதி இல்லாத வீட்டிலும் புத்தகங்கள் இருந்தன. பதினொரு வயதிலேயே நாடகமொன்றை எழுதித் தாமே நெறியாள்கை செய்து நடித்தார். 1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது பதினான்கு வயதுச் சிறுவனாகப் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் அவரை வளர்த்தது பத்திரிகைத் தொழிலே. நகரத்துச் சிறு மனிதர் பேசும் முறையை, சொல்லாமல் விழுங்கும் இடங்களோடு எழுதும் ஆற்றல் அவருக்கு அங்கிருந்துதான் கிடைத்திருக்க வேண்டும். 1955இல் வெளிவந்த 'கிருஹஸ்த' தோல்வியுற்றது. அடுத்த ஆண்டே 'ஸ்ரீமந்த்' அவரை நாடகாசிரியராக நிலைநிறுத்தியது.

அவரது உண்மையான இடம் எது என்பதை இந்தியா முழுவதும் அறியச் செய்தது 1967இல் எழுதப்பட்ட 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே'. "அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது" என்பது இத்தலைப்பின் பொருள். பம்பாயின் புறநகரான விலே பார்லேயில், போலி நீதிமன்ற நிகழ்ச்சியொன்றை நடத்தவந்த அமெச்சூர் நடிகர் குழுவினரின் உரையாடலைத் தற்செயலாகச் செவிமடுத்ததே இந்நாடகத்துக்குக் கரு என்பர். நாடகத்திலும் அத்தகைய குழுவொன்றே வருகிறது. அணுவாயுதங்களை உற்பத்தி செய்தமைக்காக அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனை விசாரிப்பது அவர்களின் வழமையான நிகழ்ச்சி. ஒரு நாள் மாலை, பொழுதுபோக்குக்காக வேறொரு வழக்கை ஒத்திகை பார்க்கின்றனர். குழுவிலுள்ள ஆசிரியை லீலா பேணாரே மீது சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. விளையாட்டு மெல்ல மெல்ல விளையாட்டாக இல்லாமற் போகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருப்பது வெளிப்படுகிறது. அதற்குக் காரணமான பேராசிரியர் தாம்லே மேடைக்கு வருவதேயில்லை. அவருடைய நாற்காலி வெறுமையாகவே இருக்கிறது. சிசுக்கொலைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவளுக்கு அந்நீதிமன்றம் அளிக்கும் தண்டனை, அவள் வயிற்றிலுள்ள கருவை அழிப்பது!

இறுதியில் பேணாரே நீண்ட வாக்குமூலம் ஒன்றைக் கூறுகிறாள். அப்போது மேடையிலுள்ள ஏனையோர் அசைவற்று உறைந்து நிற்கின்றனர். அவள் கூறுவது எதுவும் அவர்களின் காதில் விழுவதில்லை. கேட்பவர்கள் அவையிலிருக்கும் நாம் மட்டுமே. அரங்கியல் உத்தி என்ற அளவில் இதனைப் பாராட்டுவோர் பலர். எனக்கோ இது ஒரு குற்றச்சாட்டாகவே தோன்றுகிறது. கேட்டுவிட்டவன் பின்னர் கேட்கவில்லை என்று கூற முடியாதல்லவா? பம்பாயின் ரங்காயன் குழுவில் அரவிந்த் தேஷ்பாண்டேயின் நெறியாள்கையில் பேணாரேயாக நடித்தவர் சுலபா தேஷ்பாண்டே. 1971இல் சத்தியதேவ் துபே இதனைத் திரைப்படமாக்கியபோது ஒளிப்பதிவு செய்தவர் கோவிந்த் நிஹலானி. அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

1970இல் ஸ்ரீராம் லாகூ மேடையேற்றிய 'கிதாடே' (பிணந்தின்னிக் கழுகுகள்), சொத்துக்காக ஒருவரையொருவர் கொத்தித் தின்னும் குடும்பத்தைக் காட்டியது. கருக்கலைந்த பெண்ணின் சேலையில் தெரியும் இரத்தக்கறையைத் தணிக்கையாளர் அனுமதிக்கவில்லை. நாடகக் குழுவினர் கறையை நீலமாக்கி, நீலத்தைச் சிவப்பாகக் கருதிக்கொள்ளுமாறு அவையினரிடம் அறிவித்தனர். தடையை மீறாமலே தடையை நகைப்புக்கிடமாக்கிய இச்செயல் தனியொரு நாடகத்துக்குச் சமம். 1972இல் 'சகாராம் பைண்டர்' வந்தது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களைத் தன் நிபந்தனைகளின்பேரில் வீட்டில் வைத்திருக்கும் புத்தகம் கட்டுபவனொருவனின் கதை அது. அது தடைக்குள்ளானபோது நெறியாளர் கமலாகர் சாரங் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார்.

இவை யாவற்றினும் பெரும் புயலைக் கிளப்பியது 'காசிராம் கொத்வால்'. கொத்தவால் என்ற சொல் தமிழுக்கும் புதிதன்று. சென்னையின் கொத்தவால் சாவடியை அறியாதார் சிலரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேஷ்வாக்களின் பூனாவில் நிருவாகத்தைக் கையில் வைத்திருந்தவர் நானா பட்னாவிஸ். அவர் காலத்தில் நகரக் காவற்றலைவனாயிருந்த காசிராம், 1791இல் சிறைவைக்கப்பட்ட தென்னாட்டுப் பிராமணர் பலர் மூச்சுத்திணறி இறந்தமையால் வெகுண்ட மக்களாற் கொல்லப்பட்டான். வரலாறு தரும் செய்தி இவ்வளவே. டெண்டுல்கர் இதற்கு முன்கதை ஒன்றைப் படைத்தார். வடநாட்டிலிருந்து வந்து பூனாவில் திருடனென்று அவமானப்படுத்தப்பட்ட காசிராம், பழிதீர்ப்பதற்காகத் தன் மகளையே நானாவின் காமத்துக்கு அளித்துப் பதவி பெறுகிறான். அவனது கொடுமை எல்லை கடந்ததும் நானா அவனைக் கும்பலிடம் கையளித்துவிட்டுத் தம் இன்பங்களுக்குத் திரும்புகிறார். அதிகாரம் தனக்கு வேண்டிய கொடியவனைத் தானே உருவாக்கித் தானே பலியிடும் முறை இங்கு துலக்கமாகிறது. 1966இல் தோன்றிய சிவசேனையின் வளர்ச்சியோடு விமரிசகர் இதனைத் தொடர்புபடுத்திப் பார்த்தமை தற்செயலன்று.

நாட்டார் ஆட்டமுறைகளிலிருந்து எடுத்தாளப்பட்ட உத்தி, கருத்தோடு இங்கு பிரிக்கவொண்ணாது இணைந்துள்ளது. பாடி ஆடி வரிசையாக நிற்கும் பிராமணர் கூட்டம் திரையாகிறது. முதுகைத் திருப்பினால் சுவராகிறது. சுவருக்குப் பின்னால் நடப்பதை அச்சுவரே மறைக்கிறது. இரகசியத்தைக் காப்பவர் தனியே எவருமில்லை, ஊரே காக்கிறது. 1972 டிசெம்பர் 16இல் ஜப்பார் பட்டேலின் நெறியாள்கையில், பாஸ்கர் சந்தாவர்க்கரின் இசையுடன், மோகன் அகாஷே நானாவாக நடிக்க இது பூனாவில் அரங்கேறியது. பத்தொன்பது மேடையேற்றங்களின் பின், தயாரித்த சங்கமே நாடகத்தை நிறுத்தியது. அரசாங்கம் அன்று, நாடகச் சங்கம்! கலைஞர்கள் வெளியேறி 1973இல் தியேட்டர் அக்கடமியை அமைத்து, அடுத்த ஆண்டு நாடகத்தை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தனர். 1980இல் அது ஐரோப்பாவுக்கும் சென்றது. 1976இல் பூனா திரைப்படக் கல்லூரியிற் பயின்ற இளைஞர் கூட்டுறவு முறையில் இதனைத் திரைப்படமாக்கினர். அவர்களுள் ஒருவரான கே. ஹரிஹரன், பின்னர் 'ஏழாவது மனிதன்' (1982) தமிழ்ப் படத்தை இயக்கியவர்.

திரைக்கதை அவருக்குத் துணைத்தொழிலாக இருந்ததெனக் கருதுவது தவறு. சியாம் பெனகலுக்காக 'நிஷாந்த்' (1975), குஜராத்தின் விவசாயிகள் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபா கொடுத்துத் தயாரித்த 'மந்தன்' (1976) ஆகியவற்றை எழுதினார். 'மந்தன்' அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. நிஹலானி இயக்குநராக எடுத்த முதற் படமான 'ஆக்ரோஷ்' (1980) மீண்டும் நீதிமன்றத்திலேயே நிகழ்கிறது. மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பழங்குடியினனான பீக்கு, தனக்காக வாதாடும் சட்டத்தரணியிடங்கூட ஒரு சொல் பேசுவதில்லை. பேணாரேயின் பேச்சு எவருக்கும் கேட்கவில்லை. பீக்குவோ பேசுவதையே கைவிட்டவன். பதின்மூன்று ஆண்டுகளில் டெண்டுல்கரின் நம்பிக்கை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரம் காட்டுகிறது.

அவரையும் கேள்வியின்றி ஏற்க முடியாது. 1983இல் வெளிவந்த 'கன்யாதான்' நாடகத்தில், சோசலிசவாதியொருவரின் மகள் தலித் கவிஞனை மணந்து அவனிடம் அடிபடுகிறாள். தந்தையின் இலட்சியவாதம் மகளின் உடம்பின் மேற் பரிசோதிக்கப்படுவதை நாடகம் நேர்மையாகக் காட்டுகிறது. எனினும், நூற்றாண்டுகளாக அடிக்கப்பட்ட ஒரு சமூகத்தவன் மேடைக்கு வரும்போது அடிப்பவனாகவே வருகிறான். தலித் வாசகர் சினந்ததில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். சகாராமைப் பிராமணனாகப் படைத்த துணிவையும் இதனையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. அவ்விரு சாதியினருக்கும் சமுதாயம் வழங்கியுள்ள இடம் ஒன்றல்ல. இந்நாடகத்துக்காக அவர்மேல் செருப்பு வீசப்பட்டது. இதே நாடகத்துக்காகவே 1993ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மானும் அவருக்குக் கிடைத்தது. விருதை ஏற்றுப் பேசியபோது, அச்செருப்பையும் அவர் மறவாது குறிப்பிட்டார்.