ரிலேக்கு வேலை வந்த கதை

பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழகிப்போன சரக்கான ரிலே, பைக்கில் இடம்பிடித்ததற்குக் காரணம் விளக்கு மோகம் மட்டுமல்ல; வண்டியில் மின்சாரம் பெருகியதுதான் முதல் காரணம் என்பேன். 1961-இல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் ஆரம்பகால வண்டிகள் 6 வோல்ட். அதில் 35 வாட் முகப்பு விளக்கே ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுத்துவிடும். கூடுதல் விளக்குக்கு மிச்சம் ஏது? 12 வோல்ட் வந்த பிறகுதான் 55 வாட் ஹாலஜன் ஜோடிக்கு ஆசைப்பட முடிந்தது. அது கேட்பது 9 ஆம்பியருக்கு மேல். ஹேண்டில்பார் சுவிட்சின் மெல்லிய தொடுமுனை அதில் கருகிவிடும். ரிலேயின் சுருளுக்கோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்: 85, 86 முனைகளில் சுருள் விழித்ததும், பேட்டரி மின்சாரம் 30-இல் நுழைந்து 87 வழியே விளக்குக்குப் போகும்.

எல்.இ.டி. வந்தாயிற்று, இனி ரிலே எதற்கு என்பார்கள். 20 வாட் ஜோடிக்கு மூன்றரை ஆம்பியர்கூட வேண்டாம். நல்ல சுவிட்ச் தாங்கும், வாதம் பாதி சரி. ஆனால் மலிவான சுவிட்சும் நீண்ட ஒயரும் இருக்கும்வரை மீதிப் பாதி நிற்கிறது. ரிலே தேர்வில் எல்லோரும் பார்ப்பது 30-ஆ, 40-ஆ என்ற ஆம்பியர் எண்ணை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, சுருளுக்கு வருவது ஏ.சி.யா, டி.சி.யா என்பதை. பழைய வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு ஓடியது ஏ.சி.யில், அங்கிருந்து சுருளுக்கு ஒயர் இழுத்தால் எத்தனை பெரிய டி.சி. ரிலேயும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.