கிட்டங்கியைக் கடந்த கிருமிகள்: வீட்டுக் கணனிகளின் ஒரு நோய் வரலாறு

கணனி வைரஸ்களின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக வலையமைப்பை நடுவில் வைத்தே எழுதுவர். 1988 நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணனிகளைத் திணறடித்த மொரிஸ் புழு, 1999 மார்ச்சில் மின்னஞ்சல் வழியே பரவிய மெலிஸா, 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகள் வரை சென்று பணயப்பணம் கேட்ட வன்னகிரை என்று அந்த வரிசை நீளும். எமது கிழக்குக் கரையோரத்தின் அனுபவம் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிலும், கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் நாவிதன்வெளியின் சவளக்கடை, அண்ணாமலை, சொறிக்கல்முனை, மத்திய முகாம் பகுதிகளிலும் வீட்டுக்குள் கணனி வந்த காலத்தில், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணைய இணைப்பே இருக்கவில்லை. ஆனால் வைரஸ் இருந்தது. அது சட்டைப் பொக்கற்றில் வந்தது. மாரியில் தாம்போதியை வெள்ளம் மூடி வாகனங்கள் நின்றுபோகும் நாட்களிலும் யாரோ ஒருவருடைய பொக்கற்றில் அது அக்கரை சேர்ந்தது.

கையிலிருந்து கைக்கு மாறும் இந்த வழியே கணனிக் கிருமியின் ஆதி வழியுமாகும். 1982இல் அமெரிக்க மாணவனான ரிச் ஸ்க்ரென்டா, தன் பதினைந்தாவது வயதில், அப்பிள் 2 கணனிக்காக எழுதிய 'எல்க் குளோனர்' நண்பர்கள் மாற்றிக்கொண்ட புளொப்பிகளில்தான் பரவியது. ஐம்பதாவது தடவை கணனியை இயக்கும்போது திரையில் ஒரு சிறு செய்யுளைக் காட்டுவதைத் தவிர அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. 'வைரஸ்' என்ற பெயர் நிலைபெற்றது அதற்குப் பின்னரே. 1983இல் பிரெட் கோஹென் தம் ஆய்வுக்கென எழுதிய நிரலுக்கு அப்பெயரைச் சூட்டலாம் என்றவர் அவருடைய பேராசிரியர் லெனர்ட் ஏடல்மன்.

ஐபிஎம் வகைக் கணனிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எமது தெற்காசியாவில் பிறந்தது என்பதை இங்குள்ள பலர் அறியார். 1986 ஜனவரியில் லாகூரில் கணனிக் கடை நடத்திய பாஸித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி எனும் சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதினர். தாம் உருவாக்கிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்போரைப் பிடிப்பதே நோக்கம் என்பது அவர்களுடைய விளக்கம். 360 கிலோபைட் புளொப்பியின் தொடக்கப் பகுதியில் அது குடியேறிக்கொள்ளும். தட்டின் பெயரையும் தன் பெயராக மாற்றிவிடும். வியப்பு என்னவென்றால், நிரலுக்குள்ளேயே சகோதரர்களின் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் அத்தனையும் எழுதப்பட்டிருந்தன. மருந்து வேண்டுமாயின் தொடர்பு கொள்ளுங்கள் என்ற அழைப்பும் இருந்தது. லாகூரில் மலிவு விலைப் பிரதிகளை வாங்கிச் சென்றவர்களோடு அது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போய்ச் சேர்ந்தது. முகவரி எழுதிவைத்த கிருமியை உலகம் பிறகு அதிகம் காணவில்லை. 2011இல் பின்லாந்தின் வைரஸ் ஆய்வாளர் மிக்கோ ஹிப்பொனென் அந்த முகவரியைத் தேடி லாகூர் சென்றபோது, சகோதரர்கள் அதே இடத்தில் இணையச் சேவை நிறுவனமொன்றை நடத்திக்கொண்டிருந்தனர்.

அடுத்து வந்தவை இவ்வளவு நாகரிகமானவை அல்ல. தாய்வானிய மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ், செர்னோபில் விபத்து நினைவுநாளான ஏப்ரல் 26ஆம் திகதி 1999இல் வெடித்தது. வன்தட்டின் முதற்பகுதியை மேலெழுதி அழித்ததோடு நில்லாது, தாய்ப்பலகையிலுள்ள பயோஸையும் அது கெடுத்ததால், பல கணனிகள் திரும்ப எழவேயில்லை. தென்கொரியா, இந்தியா, பங்களாதேஷ் என ஆசியாவே அதிகம் அடிபட்டது. 2000 மே 4ஆம் திகதி மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, காதல் கடிதம் போன்றதொரு இணைப்பாக மின்னஞ்சலில் வந்தது. அதை எழுதிய ஒனெல் டி குஸ்மானைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டமே இருக்கவில்லை. எமது நாட்டில் கணனிக் குற்றச் சட்டம் 2007இலேயே வந்தது.

அந்தக் காதல் கடிதத்தின் தந்திரம் கவனிக்கத்தக்கது. கோப்பின் பெயர் சாதாரண எழுத்துக் கோப்பு போல முடியும். அதற்குப் பின்னால் உண்மையான ஈற்றுப்பெயர் இருக்கும். வின்டோஸ், அறிந்த ஈற்றுப்பெயர்களை வழமையாகவே மறைத்துவைப்பதால், இயங்கும் நிரலொன்று படிக்கும் கடிதமாகத் தோன்றியது. 2005இல் இந்தோனேசியாவில் தோன்றிய 'புரொன்டொக்' இதையே வேறு விதமாகச் செய்தது: நிரலுக்குக் கோப்புறையின் மஞ்சள் சின்னத்தை அணிவித்தது. கோப்புறை என்றெண்ணித் திறந்தவர் வைரஸை இயக்கினார். அது முதல் வேலையாகக் கோப்புறைத் தெரிவுகளையும் பதிவேட்டுத் திருத்தியையும் பூட்டிவிடும், தன்னைக் கண்டுபிடிக்கும் வழிகள் அடைபடட்டும் என்று.

இந்த வகைக் கிருமிகளே எமது பகுதிக்கு வந்தன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் கரையோரத்துக்கு உதவியாகவும் வியாபாரமாகவும் கணனிகள் வந்து குவிந்தன. அதே ஆண்டுகளில்தான் பென் டிரைவின் விலையும் இறங்கியது. புகைப்படப் பிரதிக் கடையின் ஒரே கணனியில் காலை தொட்டு இரவு வரை எத்தனையோ பென் டிரைவ்கள் செருகப்பட்டன. குறுவட்டுகள் தாமாக இயங்குவதற்கென வின்டோஸ் 95 கொண்டுவந்த 'ஓட்டோரன்' வசதியை வைரஸ்கள் பென் டிரைவில் கைப்பற்றிக்கொண்டன. டிரைவின் சின்னத்தை இருமுறை சொடுக்கினால் போதும். ஒரு நோயாளி தொட்ட குவளையில் ஊரே நீர் அருந்தியது போன்ற நிலை அது.

எம்மைப் போன்ற தமிழ் எழுதுவோருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. யுனிகோட் பரவாத அந்நாட்களில் பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் தமிழ்ச் செய்தி ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். ஆதலால் செய்தியோடு எழுத்துருவையும் பென் டிரைவில் காவித் திரிய வேண்டியிருந்தது. திருமண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள், பள்ளிவாசல் அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் எல்லாம் இவ்வாறே கடைக்குப் போய் வந்தன. வரும்போது வெறுங்கையோடு வரவில்லை.

மருந்தும் அதே வாகனத்தில்தான் பயணம் செய்தது. இணையமற்ற வீட்டின் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு, அண்மைய வைரஸ் வரைவிலக்கணக் கோப்பை இணையக் கடையொன்றில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். காசு கொடுத்து வாங்கும் பழக்கமோ எமக்கு அறவே இருக்கவில்லை. உரிம இலக்கங்கள் ஊருக்குள் சுற்றின. பூட்டுடைக்கும் நிரல்களோ, பெரும்பாலும் தாமே வைரஸ் காவிகள்.

களவுப் பிரதியால் வந்த பெருங்கேடு வேறொன்று. 2005 முதல் மைக்ரோசொஃப்ட் தன் வின்டோஸ் அசல்தானா என்று சோதிக்கத் தொடங்கியது. அசலல்லாத பிரதிகளுக்கும் முக்கிய பாதுகாப்புத் திருத்தங்கள் தானியங்கி முறையில் கிடைத்தே வந்தன. எனினும் 'திரையில் எச்சரிக்கை வந்துவிடும்' என்ற அச்சத்தில், வின்டோஸ் பதிந்து தந்தவர்கள் முதல் வேலையாகத் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்திவைத்தனர். 2008 ஒக்டோபர் 23ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அது அடைத்த அதே ஓட்டையைப் பயன்படுத்தி அடுத்த மாதமே 'கொன்ஃபிக்கர்' புழு புறப்பட்டது. கொன்ஃபிக்கரின் பிந்திய வடிவங்கள் பென் டிரைவிலும் ஏறிக்கொண்டன. மருந்து முன்கூட்டியே தயாராக இருந்தும், கதவை நாமே சாத்தி வைத்திருந்தோம்.

இனி, என் மனதை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். எமது கணனிக் கடைகளில் எந்த நோய்க்கும் ஒரே வைத்தியம்: 'போர்மட்'. வன்தட்டைத் துடைத்து வின்டோஸை மீளப் பதிவது விரைவானது, கூலியும் நிச்சயம். குறையைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமல்ல, ஏனெனில் ஒரு கிருமியைப் பிடுங்கி எடுப்பதற்கு ஆகும் மணித்தியாலங்களுக்கு எவரும் காசு தரமாட்டார்கள். பேரலையில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் உறவினரிடம் தேடிப் பெற்று ஸ்கேன் செய்து வைத்த படங்கள், பிரசுரமாகாத கையெழுத்துப் பிரதிகள், நிவாரணப் பட்டியல்கள் இந்த வைத்தியத்தில் மறைந்துபோயின. எனது அவதானத்தில், எம் பகுதியில் வைரஸ் அழித்ததிலும் போர்மட் அழித்ததே அதிகம். தப்பியவற்றுக்கும் ஆபத்து ஓயவில்லை. புதிதாகப் பதிந்த வின்டோஸில் பாமினி இராது. பழைய கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரியும். 'வைரஸ் தின்றுவிட்டது' என்று நினைத்து நல்ல கோப்பையே அழித்தவர்கள் உண்டு.

இத்தனைக்கும் இந்தியாவின் வைரஸ் தடுப்புத் தொழில் இவ்வாறான திருத்தும் கடையொன்றிலிருந்தும் எழுந்தது. புனேயில் கல்குலேட்டர் திருத்திய கைலாஷ் கட்கர், கடைக்கு வரும் கணனிகளை வைரஸ் தாக்கக் கண்டு, கணனி பயின்ற தம்பி சஞ்சயைக் கொண்டு மருந்து நிரல் எழுதுவித்தார். அதுவே குவிக் ஹீல். சென்னையில் கேசவர்த்தனன் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கே7 ஜப்பான் வரை விற்பனையானது.

2011 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் பழைய வின்டோஸ்களிலும் பென் டிரைவின் ஓட்டோரனை நிறுத்தியது. கிருமி உடனே வேடம் மாற்றியது. கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயர்களில் குறுக்குவழிச் சின்னங்களை வைத்தது. பயனாளர் தன் கோப்புகள் தொலைந்தன என்று கலங்கி, மீண்டும் அதே கடைக்கு, அதே போர்மட்டுக்கு ஓடினார்.

நோய் வீட்டோடு நின்றுவிடவுமில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணனிச் சேவையைப் பணயத் தீநிரலொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கான மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருளோ, தயாரித்த நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. சவளக்கடை வீட்டுக் கணனிக்கும் கொழும்புச் சேவையகத்துக்கும் நோய்க்காரணம் ஒன்றாகவே இருந்தது.

குறுக்குவழி வைரஸ் கண்ட பழைய பென் டிரைவ் எவரிடமாவது போர்மட் செய்யப்படாமல் கிடக்குமாயின், அதை எறிந்துவிட வேண்டாம். அந்த வைரஸ் கோப்புகளை அழிக்கவில்லை, மறைத்தது மட்டுமே. மேம்படுத்தப்பட்ட தடுப்பு மென்பொருளுள்ள கணனியில் முதலில் சோதித்துவிட்டு, கோப்புறைத் தெரிவுகளில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட முறைமைக் கோப்புகளையும் காட்டும்படி செய்தால், பல வேளைகளில் படங்கள் அங்கேயே இருக்கும். எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் பாமினியை ஏற்றிப் பாருங்கள்.