பழவேற்காட்டுப் பாடும் பள்ளிக்கூட பெஞ்சும்

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

வார நாள்ல கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிட்டு, வார இறுதியில வரலாற்றைத் தோண்டுற உங்க நண்பன் பேசுறேன்.

போன மாசம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பூநாரை பார்க்கத்தான். படகு ஓட்டின அண்ணன் பேச்சுவாக்கில, "இன்னிக்கு எங்க பாடு இல்ல தம்பி, அதான் சவாரிக்கு வந்தேன்"னு சொன்னார். பாடுன்னா என்னண்ணேன்னு கேட்டேன். அந்த ஒரு கேள்விதான் இந்த எபிசோட்.

பாடுன்னா முறை. ஏரியில எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. சில இடத்துல இறால் அள்ளும், சில இடத்துல வலை வெறுமனே வரும். வலுத்தவன் நல்ல இடத்தை வளைச்சுப் போட்டுடக் கூடாதுன்னு, இங்குள்ள பட்டினவர் குப்பங்கள் தலைமுறை தலைமுறையா ஒரு சுழற்சி வச்சிருக்காங்க. இன்னிக்கு நல்ல இடத்துல வலை போட்ட குழு, அடுத்த முறை நகர்ந்து வழிவிடணும். காவலுக்குப் போலீஸ் கிடையாது, ஊர்க் கட்டுப்பாடுதான். எங்க தொழில்ல இதுக்கு ரவுண்ட் ராபின்னு பேர். அவங்க அதை ஏரியிலேயே ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

கேட்டதும் அசந்து போனேன். ஆனா கொஞ்ச தூரம் போனதும், முட்டளவு தண்ணியில குனிஞ்சு, கையால தடவி இறால் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்களைப் பார்த்தோம். இருளர் மக்கள். "அவங்களுக்குப் பாடு உண்டா?"ன்னு கேட்டேன். அண்ணன் இல்லைன்னு தலையாட்டினார். பாட்டுல பேர் இருக்கணும்னா அந்தச் சமூகத்துல, அந்தக் குப்பத்துல பிறந்திருக்கணும். உள்ளே இருப்பவர்களுக்கு அத்தனை நியாயமான ஒரு முறை, ஆனா அதே தண்ணியில நிக்கிற வேற ஆளுக்கு அதில் இடமே இல்லை.

திரும்பி வர்ற பஸ்ல எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துச்சு. கடற்கரைக் குப்பத்துல இருந்து ஒரு பையன் எங்க கிளாஸ்ல சேர்ந்தான். அவன் பக்கத்துல வந்தா மூக்கைப் பொத்திக்கிறது எங்க விளையாட்டு. நான் ஆரம்பிக்கல, ஆனா சிரிச்சேன். மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அவன் தனியா மாடிப்படிக்குப் போயிடுவான். அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவே இல்லை. ஏன்னு நாங்க யாரும் கேட்கல. டீச்சரும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்லை.

அந்த மாடிப்படி எவ்வளவு பழசுன்னு தேடினேன்.

இரட்டைமலை சீனிவாசன், பின்னாடி அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1939-ல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கார். தன் சாதி தெரிஞ்சுட்டா மத்த பிள்ளைகள் தாழ்வா நடத்துவாங்கன்னு பயந்து, பள்ளிக்கு வெளியிலேயே எங்கேயாவது உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருப்பாராம். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு முடிஞ்சதும், யாரும் நெருங்குறதுக்குள்ள வேகமா வீட்டுக்குக் கிளம்பிடுவார். கவனிங்க, இதில் யாரும் அவரை அடிக்கல. அடிக்காமலேயே ஒரு பையனுக்கு விளையாட்டு நேரம் முழுசும் பறிபோச்சு.

அடுத்து சேரன்மாதேவி. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம் அது. தேசிய உணர்வோடு தமிழ்ப் பிள்ளைகளை வளர்க்கிறதுதான் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமண மாணவர்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பிராமணர்களுக்கான பானையில் தண்ணி குடிச்சதுக்காக ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் தண்டிக்கப்பட்டதாகப் பெரியார் தரப்பு சொன்னது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடலை. 1925-ல் காந்தி வரைக்கும் பிரச்சனை போச்சு.

இதில் எனக்கு உறுத்துறது ஐயர்தான். அவர் கெட்டவர் இல்லை. திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர், வெள்ளைக்காரனை எதிர்த்த புரட்சிக்காரர். அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கிட்டதால் ஒத்துக்கிட்டேன்னுதான் அவர் தரப்பு. நல்ல மனசு இருந்தது. ஆனா யாரோ ஒருத்தர் கேட்டதும் வளையாத விதி இல்லை. அதனால உரக்கக் கேட்டவங்க பக்கம் பள்ளி சாய்ஞ்சது. தண்ணிப் பானை முன்னாடி நின்ன பையனுக்காக அங்கே கேட்க ஆள் இல்லை.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, அதே திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பிளஸ் டூ படிக்கும் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதுக்கு முன்னாடி அவன் தொந்தரவு தாங்காம பள்ளிக்குப் போறதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதுக்கு அப்புறம்தான் வெட்டு விழுந்தது.

"தைரியமா டீச்சர்கிட்ட சொல்லு"ன்னு குழந்தைகளுக்கு ஈஸியா சொல்லிடறோம். சொன்ன பிள்ளைக்கு அன்னிக்குச் சாயந்திரம் யார் காவல்? அந்த ஏற்பாடு இல்லாத பள்ளியில், அந்த அறிவுரை பிள்ளையை ஆபத்துல தள்ளிடும். அந்த மாணவன் சிகிச்சை எடுத்துக்கிட்டே படிச்சு, அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். பெருமையான விஷயம்தான். ஆனா பள்ளிக்கூடம் போக ஒரு பிள்ளைக்கு இவ்வளவு வீரம் தேவைப்படக் கூடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு நியமிச்ச நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருந்து சாதியை நீக்குதல்னு நிறைய பரிந்துரைகள். அதில் நான் நின்னது ஒரு சின்ன வரியில. மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கணும். அவ்வளவுதான். யார் பக்கத்துல யார்னு சாதியும் முடிவு பண்ணாது, வாத்தியாரின் விருப்பமும் முடிவு பண்ணாது.

இது பாடுதானே! நல்ல இடம் யாருக்குன்னு வலுத்தவன் முடிவு பண்ணக் கூடாது, முறை முடிவு பண்ணணும். ஏரி சொல்லிக் கொடுத்த இன்னொரு பாடமும் இதோட சேரணும். முறை எவ்வளவு நியாயமா இருந்தாலும், பட்டியல்ல யார் பேர் விட்டுப் போச்சுன்னு முதல்ல பார்க்கணும். வருகைப் பதிவேட்டில் பேர் இருந்தா மட்டும் போதாது. விளையாட்டு டீம்ல, மதிய சாப்பாட்டு வட்டத்துல, வாட்ஸ்அப் குரூப்ல பேர் இருக்கா?

நார்வேயில் 1983-ல் டான் ஒல்வியூஸ் என்ற உளவியலாளர் பள்ளிகளில் தொடங்கின வேலையும் இதைத்தான் தொட்டது. அடிக்கிறவன், அடி வாங்குறவன் இரண்டு பேரை மட்டும் பார்க்காதீங்க, சுத்தி நின்னு சிரிக்கிற கூட்டத்தையும் பாருங்கன்னார். அந்தக் கூட்டத்துல ஏழாம் வகுப்பு நானும் நிக்கிறேன்.

இதைக் கேட்கிற ஸ்கூல் பசங்களுக்கு: உங்களுக்கு நடந்தா அது உங்க தப்பு இல்லை. தேதி போட்டு எழுதி வைங்க, ஒருத்தர்கிட்ட மட்டும் இல்லாம இரண்டு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. 14417 கல்வித் துறை உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். வேற யாருக்காவது நடந்தா, சண்டைக்குப் போக வேணாம். சிரிக்காம இருங்க. மதியம் உங்க டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அந்த மாடிப்படிக்குப் போங்க.

நான் போகல. அவன் பேர் இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.