தேவதான இறையிலியும் அரசிறையும்

திருக்கோயில்கட்கும் திருமடங்கட்கும் உரிய பொருளினின்று அரசு வரி கோடல் முறையோ என்னும் வினா இக்காலத்துப் புதிதாய்த் தோன்றியதன்று. நம் முன்னோர் இதனை ஆராய்ந்து ஒரு நெறி கண்டிருந்தமை கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு இனிது புலனாம்.

சோழர் காலத்தே சிவாலயங்கட்கு விடப்பட்ட நிலம் தேவதானம் எனப்பட்டது. அவற்றுள் அரசிறை நீக்கப்பெற்றது தேவதான இறையிலி. இறையிலி என்றமையால், அந்நிலத்தை உழுதார் யாதொன்றும் கொடாது நுகர்ந்தனர் என்று கொள்ளற்க. அரசற்குச் செல்லற்பாலதாய இறையே பெரும்பாலும் பூசைக்கும் திருவிளக்கிற்கும் திருவிழாவிற்கும் உரியதாக மாற்றப்பட்டது. முதலாம் இராசராசன் (கி. பி. 985–1014) தஞ்சை இராசராசேச்சரத்திற்கு வழங்கிய ஊர்களைக் கூறும் கல்வெட்டுக்கள், ஊர்நத்தம், குளம், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்திற்குக் காணிக்கடன் இவ்வளவு நெல்லென வரையறுத்தல் இதற்குச் சான்றாம்.

தனியன்பர் நிலம் விடுங்கால், அதன்மேல் வரும் இறைக்கு ஈடாக ஒரு முதற்பொருளை ஊர்ச்சபையார் கையிற் கொடுப்பதும், சபையார் அதனை ஏற்று, அவ்விறையைத் தாமே இறுக்க உடன்படுவதும் உண்டு. இப்பொருளை இறைகாவல், இறைதிரவியம் என்னும் பெயர்களாற் கல்வெட்டுக்கள் குறிக்கும். ஆகவே, கோயில் நிலத்தினின்று நீக்கிய சுமையை அரசனோ அன்பனோ ஊரோ அறிந்தே தாங்கினர் என்பது தெளிவு.

ஆங்கிலேயர் காலத்தே, சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், தனியார் இனாம்களைச் சிறுவரிக்கு உட்படுத்தி அவர்க்கே உரிமையாக்கிற்று. கோயிற்றொண்டிற்குரிய இனாம்களையோ, அத்தொண்டு நடைபெறுமளவும் நிலைபெறச் செய்தது. வரிவிலக்கு தொண்டினைப் பற்றி நிற்பதேயன்றி ஆளினைப் பற்றி நிற்பதன்று என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் 1951-ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டம், அறநிலையங்கள் தம் வருவாயில் நூற்றுக்கு 5-க்கு மேற்படாத பங்கினை அரசாங்கத்திற்குச் செலுத்துமாறு விதித்தது. சிரூர் மடத்து அதிபதி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இல், அஃது இயற்றிய பணிக்குரிய கட்டணமன்று, வரியே என்றும், அவ்வரி விதித்தற்கு மாநிலச் சட்டசபைக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தது. தண்டிய பொருள் அரசின் பொதுக் கருவூலத்தே கலந்தமை அதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டிலேயே ஒரிசாச் சட்டம் பற்றிய வழக்கில், தண்டிய பொருள் தனிநிதியாக வைக்கப்பட்டமையின், அது கட்டணமென ஏற்கப்பட்டது.

கோயில்களும் அரசின் காவலால் நன்மை பெறுதலின் வரி இறுத்தல் கடனன்றோ எனின், தமக்கெனச் செய்யப்படும் பணிக்கு ஈடு கொடுத்தல் நேரிதே. சிவபெருமானுக்கென விட்ட பொருளைப் பொதுச் செலவிற்கு மடுத்தலோ ஈந்தார் கருத்திற்கு மாறாம். சிவாலய நிலங்களின் விலையாவணங்கள் சண்டேசுவர நாயனார் பெயரால் எழுதப்பட்டமை, பொருளுடையான் இறைவனே, ஏனையோர் காவலரே என்பதனை நினைவுறுத்தும். அரசற்கும் அஃதொக்கும், கோயில் முதல்வர்க்கும் அஃதொக்கும்.

விளக்கெரியாத கோயிலின் நிலத்தைத் தாம் நுகர்ந்துகொண்டு இறையிலி வேண்டுவார்க்கு அவ்வுரிமை யாண்டையது? அரசின் கையினின்று கோயிற்பொருளைக் காத்தற்குமுன், நம்மவர் கையினின்று காத்தல் சைவ நன்மக்கள் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.